ஜனநாயக நாடுகளும் அந்நியச் சர்வாதிகாரிகளும்: 1971 தரும் பாடம்

மக்களின் விருப்பத்தின் மீது கட்டியெழுப்பப்படும் ஆட்சியே ஜனநாயகம் என்பது அரசறிவியல் தரும் பொதுவான வரைவிலக்கணமாகும். இந்த வரைவிலக்கணத்தை ஏற்று, அதனை உலகெங்கும் பரப்புவது தமது கடமை எனக் கூறிவரும் நாடுகள், பிற நாடுகளில் மக்களின் விருப்பத்தை மிதித்து ஆண்ட சர்வாதிகாரிகளுக்குத் தோள்கொடுத்து வந்துள்ளன. 1953 ஆம் ஆண்டில் ஈரானின் பிரதமர் முஸத்திக்கின் அரசைக் கவிழ்த்து ஷாவின் தனியாட்சிக்கு வழிவிட்டமை முதல், எகிப்தில் ஹுஸ்னி முபாரக்கின் ஆட்சியை 2011 ஆம் ஆண்டு வரை தாங்கி நின்றமை வரை இதற்குச் சான்றுகள் பல உள. அவை பற்றி முஸ்லிம் உலகில் நிறையவே எழுதப்பட்டுள்ளது.

எனினும் அவ்வெழுத்துக்களில் பெரும்பாலானவை ஒரு பக்கத்தை மட்டுமே நோக்கின. சர்வாதிகாரியின் கீழ் வாடிய மக்களைப் பற்றி அவை பேசின. அவனை ஆதரித்த நாட்டின் மக்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. அம்மக்கள் இதனை விரும்பினார்களா? தமது வரிப்பணமும் தமது ஆயுதங்களும் எங்கே செல்கின்றன என்பதை அறிந்திருந்தார்களா? அறிந்தபோது என்ன செய்தார்கள்? அவர்கள் எதிர்த்த பின்னரும் அவர்கள் தெரிவுசெய்த அரசு எவ்வாறு தன் வழியே சென்றது? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் இவ்விடயத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது என்பது எமது கருத்தாகும்.

விடை தேடுவதற்கு 1971 ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்தவற்றை நாம் தெரிவுசெய்துள்ளோம். இதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, அவ்வாண்டில் வாஷிங்டனில் நிகழ்ந்த ஆலோசனைகளின் ஆவணங்கள் இன்று பெருமளவில் வெளிவந்துள்ளன. எனவே ஊகத்தின் மீது நாம் தங்கியிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஆண்டவரும் மாண்டோரிற் பலரும் முஸ்லிம்களாக இருந்த ஒரு நிகழ்வு அது. அதனைப் பேசும்போது பிறரைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிட முடியாது.

வாக்களித்த மக்களும் வழங்கப்பட்ட விடையும்

பாகிஸ்தானில் 1958 ஆம் ஆண்டு ஜெனரல் அய்யூப் கான் ஆட்சியைக் கைப்பற்றினார். மக்கள் கிளர்ச்சியால் அவர் பதவி விலக நேர்ந்தபோது, 1969 மார்ச் 25 அன்று இராணுவத் தளபதி யஹ்யா கான் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து அதிகாரத்தை ஏற்றார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து நாடளாவிய பொதுத் தேர்தல் ஒன்றை நடத்துவதாக அவர் வாக்களித்தார். அத்தேர்தல் 1970 டிசம்பர் 7 அன்று நடைபெற்றது. பாகிஸ்தானின் வரலாற்றில் அத்தகைய தேர்தல் அதுவே முதலாவதாகும்.

தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், நவம்பர் 12 அன்று, வங்காள விரிகுடாவில் எழுந்த பெரும்புயல் கிழக்குப் பாகிஸ்தானின் கரையோரத்தை அழித்து இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. மத்திய அரசின் நிவாரணப் பணி மந்தமாக இருந்தமை வங்காள மக்களின் உள்ளத்தில் நீண்டகாலமாக இருந்த மனக்குறையை ஆழமாக்கியது. தேசிய சட்டசபைக்கான 300 பொது ஆசனங்களில் கிழக்கிற்கு 162 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 160 ஆசனங்களை ஷெய்க் முஜீபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. மேற்கில் முன்னணி பெற்ற சுல்பிகார் அலி பூட்டோவின் மக்கள் கட்சிக்கு 81 ஆசனங்களே கிடைத்தன. நாடு முழுவதையும் ஆளும் பெரும்பான்மை அவாமி லீக்கின் கையில் இருந்தது.

மார்ச் 3 அன்று டாக்காவில் கூடவிருந்த சட்டசபையை யஹ்யா கான் மார்ச் 1 அன்று ஒத்திவைத்தார். கிழக்கு முழுவதும் ஒத்துழையாமை இயக்கம் பரவியது. பேச்சுவார்த்தை என்ற பெயரில் நாட்கள் கடந்தன. அதேவேளை மேற்கிலிருந்து துருப்புகள் வந்திறங்கின. மார்ச் 25 இரவு இராணுவம் டாக்கா நகரின் மீது பாய்ந்தது. பல்கலைக்கழக விடுதிகளும் பொலிஸ் படைமுகாம்களும் தாக்கப்பட்டன. முஜீபுர் ரஹ்மான் கைதுசெய்யப்பட்டு மேற்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டார். அன்றிரவு டாக்கா வீதிகளில் இறங்கிய டாங்கிகளில் அமெரிக்கா வழங்கிய எம்-24 ரக டாங்கிகளும் இருந்தன.

அந்த டாங்கிகள் அங்கு வந்த வரலாறு 1954 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு இரு நாடுகளும் பரஸ்பர பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. சோவியத் யூனியனைத் தடுக்கும் அரண் என்ற பெயரில் பாகிஸ்தானுக்கு ஆயுதங்கள் வழங்கப்பட்டன. 1965 ஆம் ஆண்டின் இந்திய-பாகிஸ்தான் போரையடுத்து அமெரிக்கா இரு தரப்பிற்கும் ஆயுத விநியோகத்தை நிறுத்தியது. பின்னர் தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. 1970 ஒக்டோபரில் ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸன் ‘ஒருமுறை விதிவிலக்கு’ என்ற பெயரில் பாகிஸ்தானுக்கு மீண்டும் பெரிய அளவில் ஆயுதம் விற்க இணங்கினார்.

டாக்காவிலிருந்து சென்ற தந்தி

டாக்காவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் தலைவராக அப்போது ஆர்ச்சர் பிளட் பணியாற்றினார். தம் கண்முன் நிகழ்ந்தவற்றை அவர் நாள்தோறும் வாஷிங்டனுக்கு அறிவித்தார். மார்ச் 28 அன்று அனுப்பிய தந்திக்கு ‘தெரிந்தெடுத்த இனப்படுகொலை’ எனத் தலைப்பிட்டார். வாஷிங்டனிலிருந்து கண்டன வார்த்தை எதுவும் வரவில்லை.

ஏப்ரல் 6 அன்று டாக்காவிலிருந்த 20 அமெரிக்க அதிகாரிகள் கையொப்பமிட்ட தந்தி ஒன்று இராஜாங்கத் திணைக்களத்தை அடைந்தது. ஜனநாயகம் நசுக்கப்படுவதைத் தமது அரசு கண்டிக்கத் தவறிவிட்டது, குடிமக்களைப் பாதுகாக்க எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை, மேற்குப் பாகிஸ்தான் அரசைத் திருப்திப்படுத்தவே முனைகிறது என்று அவர்கள் அதில் பதிவு செய்தனர். தமது அரசின் போக்கை ஒழுக்க வங்குரோத்து எனவும் குறிப்பிட்டனர். அக்கருத்துக்களைத் தாமும் ஆதரிப்பதாக பிளட் அதனுடன் எழுதி அனுப்பினார். அரசாங்க ஊழியர் தமது அரசின் வெளிவிவகாரக் கொள்கையைத் திணைக்களத்தின் உள்ளிருந்தே மறுத்துரைப்பதற்கு அப்போதுதான் ஒரு முறை வகுக்கப்பட்டிருந்தது. அம்முறையின்படி எழுந்த முதற்குரல்களுள் ஒன்றாக இத்தந்தி அமைந்தது.

புதுடில்லியில் அமெரிக்கத் தூதுவராக இருந்த கென்னத் கீட்டிங்கும் படுகொலைகளைக் கண்டிக்குமாறு தமது அரசை வற்புறுத்தினார். அவர் நிக்ஸனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் செனட்டர். எனவே இக்குரல்களை எதிர்க்கட்சியின் கூச்சல் எனத் தள்ளிவிட எவராலும் இயலாது. தமது நாட்டின் கொள்கைப் பிரகடனங்களை உண்மையென நம்பியிருந்த அரச ஊழியர்களின் குரலாகவே அவை ஒலித்தன.

இதற்குக் கிடைத்த பதில் யாது? ஏப்ரல் 28 அன்று தேசிய பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸிஞ்ஜர் மூன்று மாற்று வழிகளை எழுதி நிக்ஸனிடம் சமர்ப்பித்தார். யஹ்யாவுடன் இணைந்து ஓர் அரசியல் தீர்வைக் காண முயல்வதாகக் கூறும் வழியில் நிக்ஸன் ஒப்பமிட்டு, யஹ்யாவை இவ்வேளையில் நெருக்க வேண்டாம் எனத் தம் கைப்பட எழுதினார். ‘வேண்டாம்’ என்ற பொருள் தரும் சொல்லின் கீழ் மூன்று கோடுகள் இட்டார். பிளட் டாக்காவிலிருந்து மாற்றப்பட்டு ஜூன் மாதத்தில் அந்நகரை விட்டு வெளியேறினார்.

பீஜிங்கிற்குச் சென்ற பாதை

ஒரு வல்லரசின் தலைவர் இவ்வளவு தூரம் ஒரு தளபதிக்குப் பரிந்து நின்றமைக்குக் காரணம் என்ன? குளிர்யுத்தக் கணக்குகளும், யஹ்யா மீது நிக்ஸனுக்கு இருந்த தனிப்பட்ட நன்மதிப்பும், இந்தியா மீதும் இந்திரா காந்தி மீதும் இருந்த வெறுப்பும் இதில் பங்கு வகித்தன. எனினும் அவை அனைத்தையும் விட முக்கியமான ஓர் இரகசியம் இருந்தது. இரு தசாப்தங்களாக அமெரிக்கா அங்கீகரிக்க மறுத்திருந்த மக்கள் சீனத்துடன் உறவை ஏற்படுத்த நிக்ஸன் விரும்பினார். அவருக்கும் சீனப் பிரதமர் சூ என்லாய்க்கும் இடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் வழியாக யஹ்யா கான் இருந்தார்.

ஜூலை மாதத்தில் பாகிஸ்தானுக்கு விஜயம் செய்த கிஸிஞ்ஜர், வயிற்றுக் கோளாறு ஏற்பட்டிருப்பதாகச் செய்தி பரப்பிவிட்டு, ஜூலை 9 அதிகாலையில் பாகிஸ்தான் விமானத்தில் பீஜிங் சென்றார். ஜூலை 15 அன்று நிக்ஸன் தமது சீன விஜயத்தை உலகிற்கு அறிவித்தார். சீன உறவு உலக அரசியலில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது என்பதை நாம் மறுக்கவில்லை. அதனை நாடியமை தவறு எனவும் நாம் வாதிடவில்லை. ஆனால் அதற்கான விலையை டாக்காவின் மக்கள் செலுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை ஒரு சிலரே எடுத்தனர். டாக்கா மக்களின் கருத்து மட்டுமன்றி, அமெரிக்க மக்களின் கருத்தும் அதில் கேட்கப்படவில்லை.

மேலும், யஹ்யாவை விட்டால் வேறு வழியே இருக்கவில்லை என்ற வாதமும் முழுமையானதன்று. ருமேனியாவினூடாகவும் சீனத்துடன் தொடர்பு வழி ஒன்று இருந்தது. அத்துடன் ஜூலை 15க்குப் பின்னர் இரகசியத்தைக் காக்கும் தேவை முடிந்துவிட்டது. எனினும் யஹ்யாவுக்கான ஆதரவு குறையவில்லை.

மக்கள் அறிந்தபோது

அமெரிக்க மக்கள் உண்மையைப் படிப்படியாகவே அறிந்தனர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் மார்ச் இறுதியிலேயே வெளியேற்றப்பட்டிருந்தனர். ஜூன் 13 அன்று கராச்சியைச் சேர்ந்த பத்திரிகையாளர் அன்தனி மஸ்கரேனாஸ் இலண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரை உலகை உலுக்கியது. இராணுவமே தன் செயல்களைக் காட்டுவதற்காக அவரை அழைத்துச் சென்றிருந்தது. தாம் கண்டதை எழுதுவதற்காக அவர் குடும்பத்துடன் நாட்டை விட்டு வெளியேறினார்.

ஜூன் 22 அன்று ‘நியூயோர்க் டைம்ஸ்’ வெளியிட்ட மற்றொரு செய்தி அமெரிக்கக் குடிமக்களை நேரடியாகத் தொட்டது. பாகிஸ்தானுக்கு ஆயுத விநியோகம் நின்றுவிட்டது என்று அரசு காங்கிரஸுக்குக் கூறியிருக்க, ஆயுதங்களை ஏற்றிய கப்பல்கள் நியூயோர்க்கிலிருந்து கராச்சி நோக்கிச் செல்வதை அச்செய்தி அம்பலப்படுத்தியது. புதிய அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் மார்ச் 25க்கு முன்னர் வழங்கப்பட்டவை செல்லுபடியாகும் என்ற சந்தினூடாகக் கப்பல்கள் சென்றன. சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிடும் வழி இதுவாகும்.

இதன் பின்னர் எழுந்த எதிர்ப்பு பல தரப்பினரிடமிருந்தும் வந்தது. ஜூலை மாதத்தில் பல்டிமோர் துறைமுகத்தில் ‘பத்மா’ என்ற பாகிஸ்தான் கப்பலைத் தடுப்பதற்காக, குவேக்கர் என்ற சமாதானப் பிரிவினரும் அவர்களது நண்பர்களும் சிறு ஓடங்களில் சென்று அதன் முன் மறியல் செய்து கைதாகினர். பிலடெல்பியாவில் துறைமுகத் தொழிலாளர்கள் பாகிஸ்தானுக்கான ஆயுதங்களை ஏற்ற மறுத்தனர். ஒரு நாள் கூலியை இழந்தேனும் தாம் அறியாத தூரதேசத்து மக்களின் உயிருக்காக நின்ற அத்தொழிலாளர்களை வரலாறு நன்றியுடன் நினைவுகூர வேண்டும். ஓகஸ்ட் 1 அன்று நியூயோர்க்கில் ஜோர்ஜ் ஹரிஸனும் ரவி சங்கரும் நடத்திய இசைநிகழ்ச்சிகளுக்கு சுமார் 40,000 பேர் திரண்டனர். ‘பங்களாதேஷ்’ என்ற பெயரைப் பல அமெரிக்க இளைஞர்கள் அதன் மூலமே அறிந்தனர்.

மக்கள் மன்றமும் வாளாவிருக்கவில்லை. அகதிகள் தமது இல்லங்களுக்குத் திரும்பும் நிலை ஏற்படும் வரை பாகிஸ்தானுக்கான உதவியை நிறுத்தும் திருத்தத்துடன் கூடிய உதவிச் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை ஓகஸ்ட் 3 அன்று நிறைவேற்றியது. செனட்டர் எட்வர்ட் கென்னடி அதே மாதத்தில் இந்தியாவின் அகதி முகாம்களுக்கு நேரில் சென்று, தாம் கண்டவற்றைச் செனட் சபையில் அறிக்கையாகச் சமர்ப்பித்தார். ஆண்டின் இறுதிக்குள் இந்தியாவில் தஞ்சமடைந்தோர் தொகை சுமார் ஒரு கோடியை எட்டியது. அவர்களுள் பெரும்பான்மையோர் இந்துக்கள். முஸ்லிம்களும் பெருந்தொகையாக இருந்தனர்.

இந்த எதிர்ப்பு முற்றிலும் பயனற்றுப் போகவில்லை. நவம்பர் 8 அன்று எஞ்சியிருந்த அனுமதிப்பத்திரங்கள் இரத்துச் செய்யப்பட்டன. சுமார் 3.6 மில்லியன் டொலர் பெறுமதியான ஆயுதங்கள் அதனால் நிறுத்தப்பட்டன. ஆனால் அது மார்ச் மாதத்திலிருந்து ஏறக்குறைய எட்டு மாதங்கள் கடந்த பின்னரே நிகழ்ந்தது.

டிசம்பரில் நிகழ்ந்தவை

டிசம்பர் 3 அன்று இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே போர் மூண்டது. பாகிஸ்தானின் பக்கம் சாய்வதே ஜனாதிபதியின் விருப்பம் என்பதைக் கிஸிஞ்ஜர் அதிகாரிகளுக்கு உணர்த்தினார். பகிரங்கமாக அரசு நடுநிலை பேசிக்கொண்டிருந்தது. ஜோர்தானிடம் இருந்த அமெரிக்கத் தயாரிப்பு எப்-104 போர் விமானங்களைப் பாகிஸ்தானுக்கு அனுப்பும் யோசனை எழுந்தபோது, அது அமெரிக்கச் சட்டத்திற்கு முரணானது எனத் திணைக்களங்களின் சட்ட ஆலோசகர்கள் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கையை அறிந்துகொண்டே நிக்ஸனும் கிஸிஞ்ஜரும் அதற்கு வழிவிட்டனர். அணுசக்தியால் இயங்கும் ‘என்டர்பிரைஸ்’ விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் ஓர் அணி வங்காள விரிகுடாவை நோக்கி ஏவப்பட்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. நான்கு நாட்களின் பின்னர் யஹ்யா கான் பதவி விலகினார்.

பலியானோரின் தொகை பற்றி இன்றும் உடன்பாடு இல்லை. பங்களாதேஷ் அரசு 30 இலட்சம் என்கிறது. பாகிஸ்தானின் ஹமூதுர் ரஹ்மான் விசாரணைக்குழு தன் இராணுவம் அளித்த தரவின்படி 26,000 எனக் குறிப்பிட்டது. ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் இவ்விரண்டிற்கும் இடையே வேறுபடுகின்றன. வங்காளிகளின் கையில் பீஹாரி முஸ்லிம்களும் கொல்லப்பட்டனர் என்பதையும் நேர்மையுடன் கூற வேண்டும். எந்தத் தொகையைக் கொண்டாலும், வாக்களித்த குற்றத்திற்காக ஒரு மக்கள்திரள் தன் சொந்த இராணுவத்தால் தண்டிக்கப்பட்டது என்ற உண்மை மாறாது.

வாக்குரிமை ஏன் தோற்றது?

இனி எமது மூலவினாவிற்கு வருவோம். சுதந்திரமான பத்திரிகைகளும் பலமான காங்கிரஸும் துணிவுள்ள அதிகாரிகளும் கொண்ட ஒரு நாட்டில், மக்களின் எதிர்ப்பு ஏன் உரிய வேளையில் பலனளிக்கவில்லை? நான்கு காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, தீர்மானம் எடுக்கும் வட்டத்தின் சிறுமை. வெளிவிவகாரத்திற்குப் பொறுப்பான இராஜாங்கச் செயலாளர் வில்லியம் ரொஜர்ஸுக்கே கிஸிஞ்ஜரின் பீஜிங் பயணம் கடைசி வேளையிலேயே தெரியவந்தது. விடயத்தை அறிந்த திணைக்களம் ஒருபுறமும் அதிகாரத்தைக் கொண்ட வெள்ளை மாளிகை மறுபுறமும் நின்றன.

இரண்டாவது, இரகசியம். எதற்காக யஹ்யா காக்கப்படுகிறார் என்பதை அறியாத மக்கள், அது நியாயமான பேரமா என விவாதிக்கவும் இயலாதவர்களாயினர். பகிரங்கமாகச் சொல்லப்பட்ட காரணம் ஒன்று, உண்மைக் காரணம் இன்னொன்று. பத்திரிகையாளர் ஜெக் அன்டர்சன் டிசம்பர் மாதத்திலிருந்து இரகசியக் கூட்டக் குறிப்புகளை வெளியிட்டு 1972 இல் புலிட்சர் பரிசைப் பெற்றார். அவற்றின் முழுமையான தொகுதியை இராஜாங்கத் திணைக்களம் 2005 இலேயே வெளியிட்டது. 34 ஆண்டுகளின் பின்னர் கிடைத்த அறிவைக் கொண்டு எவரும் வாக்களிக்க முடியாது.

மூன்றாவது, சட்டவாக்கத்தின் வேகம். பிரதிநிதிகள் சபை ஓகஸ்ட் மாதத்தில் எடுத்த முடிவு, செனட் சபையில் உதவிச் சட்டமூலம் முழுவதுமே தோற்கடிக்கப்பட்டமை முதலான பல தடைகளைக் கடந்து, 1972 பெப்ரவரியிலேயே சட்டமாயிற்று. அதற்குள் போர் முடிந்து பங்களாதேஷ் பிறந்திருந்தது. துப்பாக்கி நொடியில் இயங்குகிறது. சட்டமன்றமோ பருவங்களில் இயங்குகிறது.

நான்காவது காரணம் மக்களையே சாரும். 1972 நவம்பர் தேர்தலில் நிக்ஸன் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். வாக்காளர் தமது ஒரே வாக்கினால் பொருளாதாரம், வியட்நாம், வரி, பாடசாலை என அனைத்திற்கும் ஒருங்கே தீர்ப்பளிக்க வேண்டியுள்ளது. தூரத்து மக்களின் குருதி அத்தராசில் மிக இலேசாகவே நிற்கும். இதனை ஆட்சியாளர் நன்கறிவர். சர்வாதிகாரியை ஆதரிப்பதால் தேர்தலில் தோல்வி நேராது என்ற உறுதியே அவர்களது துணிவின் ஊற்றாகும்.

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்குப் பரிகாரம் தேட முனைந்தது. மனித உரிமைகளைத் தொடர்ந்து மீறும் அரசுகளுக்கு உதவியை மட்டுப்படுத்தும் விதிகள் சட்டமாயின. ஆனால் அவற்றுள் பலவற்றில் தேசிய நலன் கருதி ஜனாதிபதி விலக்களிக்கலாம் என்ற வாயிலும் வைக்கப்பட்டது. பாகிஸ்தானின் பிந்திய வரலாறு அந்த வாயிலின் அகலத்தைக் காட்டுகிறது. 1977 இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஸியாஉல் ஹக்கிற்கு, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்த பின்னர், 1981 இல் 3.2 பில்லியன் டொலர் உதவித் திட்டம் வழங்கப்பட்டது. அணுத்திட்டம் காரணமாக உதவியைத் தடுத்த சட்டம் அதற்காக ஒதுக்கிவைக்கப்பட்டது. 1999 இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் பர்வேஸ் முஷர்ரப் மீதான தடைகள் 2001 செப்டம்பருக்குப் பின்னர் நீக்கப்பட்டன. அய்யூப், யஹ்யா, ஸியா, முஷர்ரப் ஆகிய நான்கு தளபதிகளுக்கும் வாஷிங்டனின் கதவு திறந்தே இருந்தது.

இது ஒரு நாட்டின் நோய் மட்டுமன்று. 1971 இல் வங்காள மக்களின் வாக்கிற்காக நின்றதாகக் கூறும் இந்தியாவும், பிற்காலத்தில் ஷெய்க் ஹஸீனாவின் ஆட்சி படிப்படியாக இறுகியபோது அவரது உறுதியான ஆதரவாளராகவே இருந்தது. 2014 தேர்தலில் பாதிக்கும் அதிகமான ஆசனங்கள் போட்டியின்றியே நிரப்பப்பட்டன. 2024 தேர்தலைப் பிரதான எதிர்க்கட்சி பகிஷ்கரித்தது. 2024 ஓகஸ்ட் 5 அன்று மாணவர் எழுச்சியின் முன் நிற்க முடியாது ஹஸீனா சென்றடைந்த நாடும் இந்தியாவே. அயலவரின் வாக்கை மதிப்பதும் மறப்பதும் அரசுகளின் தேவையைப் பொறுத்ததாகவே இருந்துவருகிறது.

எம்மை நோக்கி ஒரு வினா

இவ்வளவையும் எழுதிவிட்டு மேற்குலகைக் கண்டிப்பதோடு இக்கட்டுரையை முடிப்பது இலகு. ஆயின் அது நேர்மையாகாது. 1971 இல் யஹ்யா கானுக்கு ஆதரவளித்தது வாஷிங்டன் மட்டுமன்று. ஈரானும் ஜோர்தானும் சவூதி அரேபியாவும் துருக்கியும் அவர் பக்கமே நின்றன. மிகப்பெரிய முஸ்லிம் நாடு உடைந்துவிடக்கூடாது என்ற கவலை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அக்கவலை பொய்யன்று; இந்தியா தன் நலனை நோக்கியே தலையிட்டது என்பதும் பொய்யன்று. ஆனால் அந்நாட்டின் பெரும்பான்மையினர் கிழக்கில் வாழ்ந்தனர். அவர்களுட் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அவர்கள் கேட்டது தாம் வென்ற தேர்தலின் முடிவையே. ஐக்கியத்தை உடைத்தவர் வாக்களித்தவரா, வாக்கைச் சுட்டவரா என்ற வினாவை அன்று முஸ்லிம் உலகில் வெகுசிலரே எழுப்பினர். கலந்தாலோசனையை, அதாவது ஷூறாவை, ஆட்சியின் அடிப்படையாகக் கற்பிக்கும் ஒரு மரபைச் சேர்ந்தோருக்கு இம்மௌனம் பெருமை தருவதன்று. சவூதி அரேபியா பங்களாதேஷை அங்கீகரித்தது 1975 ஓகஸ்ட் மாதத்தில், முஜீபுர் ரஹ்மான் கொல்லப்பட்ட பின்னரேயாகும்.

எமது இலங்கையையும் இங்கு விட்டுவிட முடியாது. 1971 இன் தொடக்கத்தில் இந்தியா தன் வான்வெளியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியபோது, மேற்கிற்கும் கிழக்கிற்கும் இடையே பறந்த அவ்விமானங்கள் கொழும்பு வழியாகச் சென்று இங்கேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டன. 1970 மேயில் பெரும்பான்மை பலத்துடன் தெரிவான அரசு அதற்கு இடமளித்தது. வாக்காளர் அத்தேர்தலில் தீர்ப்பளித்த விடயங்களுள் அது ஒன்றன்று. ஜனநாயக நாடு என்ற வகையில் எமக்கும் இக்கணக்கில் ஒரு வரி உண்டு.

அதேவேளை பாகிஸ்தானின் உள்ளேயும் மறுத்துநின்றோர் இருந்தனர். கிழக்கின் படைத்தளபதியாக இருந்த ஸாஹிப்ஸாதா யாகூப் கான், ஆயுதத்தால் அரசியல் பிரச்சினையைத் தீர்க்க முடியாது எனக் கூறி மார்ச் மாதத் தொடக்கத்தில் பதவி விலகினார். முன்னாள் விமானப்படைத் தளபதி அஸ்கர் கானும் கவிஞர் ஹபீப் ஜாலிபும் இராணுவ நடவடிக்கையை எதிர்த்துப் பேசினர். யஹ்யாவும் சில தளபதிகளும் விசாரிக்கப்பட வேண்டும் எனப் பாகிஸ்தானின் சொந்த நீதியரசர் தலைமையிலான ஹமூதுர் ரஹ்மான் குழுவே பரிந்துரைத்தது. அவ்வறிக்கை 2000 ஆம் ஆண்டு வரை மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. இரகசியம் சர்வாதிகாரத்திற்கும் ஜனநாயகத்திற்கும் பொதுவான உடைமையாக இருப்பதை இங்கு காண்கிறோம்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவாகும். ஒரு நாட்டில் தேர்தல் நடைபெறுகிறது என்பது, அந்நாடு வெளியே நீதியாக நடக்கும் என்பதற்கு உத்தரவாதமாகாது. வாக்குரிமை உள்நாட்டு விடயங்களில் ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தலாம். வெளிநாட்டு விடயங்களில், மக்கள் உரிய காலத்தில் உண்மையை அறிந்தால் மட்டுமே அது பலனளிக்கும். எனவே ஜனநாயக நாடுகளின் குடிமக்கள் தமது அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. எந்த ஆட்சிக்கு எந்த ஆயுதம் எப்போது விற்கப்படுகிறது என்பது விற்பனைக்கு முன்னரே பகிரங்கமாக வேண்டும். மனித உரிமைச் சட்டத்தில் விலக்களிக்கும் அதிகாரம் ஒரு மனிதரின் கையொப்பத்தில் தங்கியிருக்கலாகாது. உண்மையை எழுதும் அதிகாரி அதற்காக இடமாற்றப்படலாகாது.

பிளட்டின் தந்தி அன்று ஓர் உயிரையேனும் காத்தது என எம்மால் கூற முடியாது. எனினும் தமது அரசு அறியாமல் தவறிழைக்கவில்லை, அறிந்தே இழைத்தது என்பதற்கு அது அழியாத சாட்சியாக நின்றது. 1971 இல் அவரது சக வெளிவிவகார ஊழியர்களின் சங்கம் அவருக்கு விருது வழங்கியது. அவர் 2004 இல் காலமானார். மறு ஆண்டு டாக்காவிலுள்ள அமெரிக்க நிலையத்தின் நூலகத்திற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. எந்த அரசு அவரை அந்நகரிலிருந்து அகற்றியதோ அதே அரசின் நிலையமே இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. உரிய நேரத்தில் செவிமடுக்கப்படாத உண்மையைப் பின்னர் கௌரவிப்பது நன்றே. ஆயினும் அதனை உரிய நேரத்தில் செவிமடுக்க வைப்பதே விழிப்புள்ள குடிமக்களின் பணியாகும்; அது அமெரிக்கருக்கு மட்டும் உரிய பணியன்று.